கே3சி60 மீக்கடத்துகிறது, கே4சி60 ஏன் மறுக்கிறது? மின்னூட்டம் பெற்ற ஃபுல்லரீன்களின் காந்தமும் கடத்தலும்

தேன்மொழி_வேதி

வணக்கம். ஆய்வு மாணவி. கரிம வேதியியலில் இருந்து திடநிலைப் பக்கம் வந்திருக்கிறேன். ஃபுல்லரைடு உப்புகளை, அதாவது 60 கார்பன் அணுக்கள் பந்தாகச் சேர்ந்த சி60 எலக்ட்ரான் ஏற்று உண்டாகும் உப்புகளைப் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது.

சி60 மூலக்கூறில் நிரம்பாத முதல் நிலை டி1யு. ஒரே ஆற்றலில் மூன்று ஆர்பிட்டல்கள், ஆக ஆறு எலக்ட்ரானுக்கு இடம். கரைசலில் ஆறையும் ஒவ்வொன்றாக ஏற்ற முடியும் என்று 1992-லேயே மின்வேதியியலில் காட்டிவிட்டார்கள். திண்மத்தில் பொட்டாசியம் போன்ற கார உலோகத்தைச் சேர்த்தால் அது தன் எலக்ட்ரானைப் பந்துக்குக் கொடுத்துவிடுகிறது. மூன்று பொட்டாசியம் என்றால் பட்டை (அண்டைப் பந்துகளின் டி1யு நிலைகள் சேர்ந்து உண்டாகும் ஆற்றல் பரப்பு) பாதி நிரம்புகிறது, கே3சி60 உலோகம், 19 கெல்வின் அருகே மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் கடத்துவது). ஆறு என்றால் பட்டை முழுதும் நிரம்புகிறது, மின்கடத்தாப் பொருள். இதுவரை சரி.

கே4சி60-இல்தான் இடிக்கிறது. ஆறில் நான்கு. பட்டை நிரம்பவில்லை, உலோகமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அது கடத்துவதில்லை. அதைவிட வியப்பு, காந்தத்தன்மையும் இல்லை. எலக்ட்ரான்கள் அந்தந்தப் பந்திலேயே மாட்டிக்கொண்டு நின்றால் ஸ்பின்னாவது (எலக்ட்ரானின் சிறு காந்தம்) தெரிய வேண்டாமா?

இரண்டாவது, என் சொந்தப் பொடி. 50 மில்லிகிராம் சி60-உடன் பொட்டாசியத்தை எடைபோட்டு, அடைத்த குவார்ட்ஸ் குழாயில் சூடாக்கிச் செய்தது. ஸ்குவிட் என்ற காந்த அளவுக் கருவியில் 18 கெல்வினுக்குக் கீழே டயாகாந்தச் சரிவு (மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளுவதன் அடையாளம்) தெரிகிறது, ஆனால் பொடி முழுதும் மீக்கடத்தினால் வர வேண்டிய முழுக் கவசத்தில் ஒரு சிறு பங்குதான். 45 கெல்வின் பக்கம் ஒரு மேடு. அறை வெப்பநிலையில்கூட மெல்லிய ஹிஸ்டெரிசிஸ் வளையம் (புலத்தை நீக்கினாலும் காந்தம் மிஞ்சுவதன் அடையாளம்) வருகிறது. இது ஃபுல்லரைடின் ஃபெர்ரோகாந்தமா? வழிகாட்டியிடம் கொண்டுபோகும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

பட்டைக்கோட்பாடு

முதல் கேள்விக்கு என் பதில். இரண்டாவதைக் குளிர்கலன் போன்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பட்டை நிரம்பியதா இல்லையா என்ற ஒரே கணக்கை வைத்து இந்தப் பொருள்களை அணுகினால் தடுமாற்றம்தான். இரண்டு ஆற்றல்களை அருகருகே வையுங்கள். ஒன்று, எலக்ட்ரான் ஒரு பந்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதால் கிடைக்கும் பட்டை அகலம். இங்கே சுமார் அரை எலக்ட்ரான்வோல்ட். பந்துகள் ஒன்றையொன்று வலுவில்லாத விசையால்தான் தொட்டுக்கொண்டிருக்கின்றன, அதனால் பட்டை குறுகல். மற்றொன்று, ஒரே பந்தில் கூடுதலாக ஓர் எலக்ட்ரானை வைப்பதற்கு ஆகும் கூலும் செலவு. திண்மத்தில் அது ஒரு எலக்ட்ரான்வோல்ட் அளவில் வரும். தாவுவதில் வரும் லாபத்தைவிடச் செலவு அதிகம். செலவு லாபத்தை மிஞ்சினால் எலக்ட்ரான்கள் அந்தந்தப் பந்திலேயே நின்றுவிடும் என்ற சாதாரண மாட் அளவுகோலின்படி கே3சி60 கூடக் கடத்தக் கூடாது!

அது கடத்துவதற்கு ஒரு காரணம், ஆர்பிட்டல்கள் மூன்று இருப்பது. ஒரு பந்தில் மிகுதியாக வந்த எலக்ட்ரான் வெளியேறப் பல வழிகள் திறந்திருக்கின்றன, தாவல் பல மடங்கு வலுப்பெறுகிறது. ஆகவே மாட் எல்லை ஒற்றை ஆர்பிட்டல் மாதிரியில் இருப்பதைவிடத் தள்ளிப் போகிறது. கே3சி60 அந்த எல்லைக்கு உள்ளே, ஆனால் ஒட்டியே நிற்கும் உலோகம். "ஒட்டியே" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சீசியம் வரும்போது தேவைப்படும்.

இனி நான்கு. இங்கே யான்–டெல்லர் விளைவு வருகிறது. டி1யு-வில் எலக்ட்ரான் ஏறினால் பந்து தன் முழு உருண்டை வடிவத்தை விட்டுக்கொடுத்துச் சற்றே நீள்கிறது அல்லது தட்டையாகிறது. மூன்று ஆர்பிட்டல்களின் சம ஆற்றல் உடைகிறது. நான்கு எலக்ட்ரான் இருந்தால் இரண்டு ஆர்பிட்டல் கீழே இறங்க, ஒன்று மேலே போக, நான்கும் இரண்டு இணைகளாகக் கீழே உட்கார்ந்துவிடும். ஸ்பின் பூச்சியம். இரண்டு எலக்ட்ரானுக்கும் இதே கதை, ஒரு ஆர்பிட்டல் கீழே, அதில் ஒரு இணை. உங்கள் கே4சி60-இல் எலக்ட்ரான்கள் மாட்டிக்கொண்டு நிற்பது உண்மை, ஆனால் இணைசேர்ந்து நிற்கின்றன. அதனால்தான் காந்தத்தில் அமைதி. வெப்பம் ஏறினால் சில பந்துகள் ஸ்பின் 1 நிலைக்குத் தாவும். அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் அந்த இடைவெளி ஓர் எலக்ட்ரான்வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் தெரிகிறது.

இதில் இன்னொரு நுட்பம். யான்–டெல்லர் லாபம் இரட்டைப்படை எண்ணிக்கைக்கு அதிகம். நான்கும் நான்கும் உள்ள அண்டைப் பந்துகளில் ஒரு எலக்ட்ரான் தாவினால் மூன்றும் ஐந்தும் ஆகும். இரண்டு பந்தும் தம் லாபத்தை இழக்கின்றன, தாவலின் செலவு கூடுகிறது. மூன்றும் மூன்றும் இருந்தால் தாவல் இரண்டையும் நான்கையும் உண்டாக்கும், செலவு குறைகிறது. மூன்று உலோகமாகவும் நான்கு காப்பானாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ரூபிடியம் நான்கு சேர்ந்த ஆர்பி4சி60-ஐ அழுத்தினால் உலோகமாகிறது என்பதும் இந்தப் படத்துடன் பொருந்துகிறது. பந்துகள் நெருங்கினால் பட்டை அகலும், இடைவெளி மூடும்.

தேன்மொழி_வேதி

மிக்க நன்றி. இரட்டைப்படைக்கான லாபம் என்று யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியானால் மூன்று எலக்ட்ரானில் ஹுண்ட் விதி (எலக்ட்ரான்கள் முடிந்தவரை தனித்தனி ஆர்பிட்டலில் ஒரே திசை ஸ்பின்னோடு நிற்கும் என்பது) என்ன ஆகிறது? மூன்று ஆர்பிட்டலில் ஆளுக்கொன்றாக நின்றால் ஸ்பின் 3/2 வர வேண்டுமே?

பட்டைக்கோட்பாடு

வர வேண்டும், வருவதில்லை. ஹுண்ட் விதியை இயக்கும் பரிமாற்ற ஆற்றல், எலக்ட்ரான்கள் எவ்வளவு நெருக்கமான இடத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அணுவில் அது பெரிது. இங்கே ஒவ்வொரு ஆர்பிட்டலும் 7.1 ஆங்ஸ்ட்ராம் விட்டமுள்ள கூட்டின் மேல் பரவிக் கிடக்கிறது, பரிமாற்றம் மிகச் சிறிது. யான்–டெல்லர் அதை மிஞ்சிவிடுகிறது. இரண்டு இணைசேர, மூன்றாவது தனித்து நிற்க, ஸ்பின் 1/2. ஹுண்ட் விதி தலைகீழான அமைப்பு என்றே இதைச் சொல்வார்கள்.

இதை நேரடியாகப் பார்க்க உதவியது சீசியம் சேர்மம், சிஎஸ்3சி60. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

1991-இல் பெல் ஆய்வகத்தார் கே3சி60-இல் 18 கெல்வின் மீக்கடத்தலை அறிவித்த சில மாதங்களுக்குள் ஆர்பி3சி60 28 கெல்வினைத் தாண்டியது, சீசியம் இரண்டும் ரூபிடியம் ஒன்றும் சேர்ந்தது 33-ஐ எட்டியது. போக்கு வெளிப்படை: அயனி பெரிதானால் அணிக்கோவை விரிகிறது. அலகுக் கூட்டின் பக்கம் பொட்டாசியத்தில் 14.24 ஆங்ஸ்ட்ராம், ரூபிடியத்தில் 14.4 அளவு. விரிந்தால் பட்டை குறுகுகிறது, ஃபெர்மி மட்டத்தில் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலில்) நிலைகளின் அடர்த்தி கூடுகிறது, மீக்கடத்தல் தொடங்கும் மாறுவெப்பநிலை ஏறுகிறது. அப்படியானால் மூன்றும் சீசியமானால் இன்னும் மேலே போக வேண்டும்.

அதைத் தூய்மையாகச் செய்து பார்க்க 2008 வரை ஆனது. கிடைத்த ஏ15 அமைப்பு (பந்துகள் உடல்மையக் கனசதுரமாக அடுக்கப்பட்டது), சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தவே இல்லை. அழுத்தம் கொடுத்ததும் 38 கெல்வினில் மீக்கடத்தியது. மூலக்கூறு மீக்கடத்திகளில் மிக உயர்ந்த எண்களில் ஒன்று இது. அடுத்த ஆண்டே, சாதாரண அழுத்தத்தில் அது என்னவாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. 46 கெல்வினுக்குக் கீழே எதிர் ஃபெர்ரோகாந்தம் (அண்டை ஸ்பின்கள் எதிரெதிராக நிற்பது), ஒவ்வொரு பந்திலும் ஸ்பின் 1/2. பொட்டாசியம் ஒட்டி நின்ற அந்த எல்லையைச் சீசியம் தாண்டிவிட்டது.

2010-இல் இதே சேர்மத்தின் இன்னொரு வடிவம், பந்துகள் முகமையக் கனசதுரமாக அடுக்கப்பட்டது, அளக்கப்பட்டது. அதில் காந்த ஒழுங்கு 2.2 கெல்வினில்தான் வருகிறது. 46 எங்கே, 2.2 எங்கே! காரணம் வடிவியல். முகமைய அடுக்கில் அண்டைப் பந்துகள் முக்கோணங்களாக அமைகின்றன. முக்கோணத்தின் மூன்று முனையிலும் உள்ள ஸ்பின்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்க முடியாது, ஒழுங்கு தள்ளிப் போகிறது. ஆனால் அழுத்தம் கொடுத்தால் இந்த வடிவமும் 35 கெல்வின் வரை மீக்கடத்துகிறது. காந்தம் இருபது மடங்கு மாறுகிறது, மீக்கடத்தல் மூன்று கெல்வின்தான் மாறுகிறது. மீக்கடத்தலின் வேர் பந்துக்கு உள்ளேயே இருக்கிறது, அடுக்கு முறை அதைச் சற்றே திருத்துகிறது என்று நான் நினைப்பது இதனால்தான். 2012-இல் அகச்சிவப்பு நிறமாலையில் சிஎஸ்3சி60-இன் கோடுகள் பிளந்திருப்பதையும் கண்டார்கள். பந்து உருண்டையாக இல்லை என்பதற்கு நேர் சாட்சி.

குளிர்கலன்

தேன்மொழி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உற்சாகத்தைக் குறைப்பது நோக்கம் அல்ல, ஆனால் ஃபெர்ரோகாந்தம் என்று எழுதும் முன் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எடையில் இருந்து ஆரம்பிக்கலாம். 50 மில்லிகிராம் சி60-க்கு மூன்று பங்கு பொட்டாசியம் என்றால் 8.1 மில்லிகிராம். கையுறைப் பெட்டிக்குள், பிசுபிசுத்த உலோகத் துணுக்கை வெட்டி எடைபோடும்போது ஒரு மில்லிகிராம் முன்பின் ஆவது சாதாரணம். அந்த ஒரு மில்லிகிராம் உங்கள் 3-ஐ 2.6 ஆகவோ 3.4 ஆகவோ மாற்றிவிடும். இந்த அமைப்பு இடைப்பட்ட எண்களை ஏற்பதில்லை. அது பிரிந்துவிடும்: குறைந்தால் கே3சி60-உடன் எலக்ட்ரான் குறைந்த கட்டமும், கூடினால் கே4சி60-உம் கலந்து கிடக்கும். மீக்கடத்தும் பங்கு சுருங்கும். 1991 முதலே பலர் செய்யும் வழி, முதலில் மிகுதியான பொட்டாசியத்தோடு சூடாக்கிக் கே6சி60 செய்வது. மிச்சப் பொட்டாசியம் ஆவியாகி விலகும், நிறைவுக் கட்டம் தானே நின்றுவிடும். பிறகு அதே அளவு மோல் தூய சி60-உடன் அதை அரைத்து நாள்கணக்கில் பதப்படுத்துங்கள். ஆறும் பூச்சியமும் சேர்ந்து இரண்டு மூன்றாகும். இப்போது எடைபோடுவது பொடியை, அதில் பிழை சிறிது.

கவசப் பங்கு குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காந்தப்புலம் இந்தப் பொருளுக்குள் சில நூறு நானோமீட்டர் ஊடுருவும். உங்கள் மணிகள் ஒரு மைக்ரான் அளவில் இருந்தால், முழுக்க மீக்கடத்தியாக இருந்தாலும் அளவீடு குறைத்தே காட்டும்.

45 கெல்வின் மேடு. அது ஆக்சிஜன் என்று பத்துக்கு ஒன்பது பங்கு சொல்வேன். திண்ம ஆக்சிஜனுக்கு 43.8 கெல்வினில் ஒரு கட்ட மாற்றம் இருக்கிறது, 54-இல் உருகுகிறது, அதுவே காந்தத்தன்மை உள்ள மூலக்கூறு. குழாயில் சிறு கசிவு, அல்லது மாதிரியைப் பிடிக்கும் குழலில் மிச்சக் காற்று, இரண்டுமே இப்படிக் காட்டும். சிஎஸ்3சி60-இன் 46 கெல்வினுக்கு இது எவ்வளவு பக்கம் பாருங்கள். சீசியம் சேர்மத்தில் வேலை செய்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ஹீலியம் நிரப்பி மீண்டும் அடைத்துப் பாருங்கள்.

அறை வெப்பநிலை வளையம் இரும்பு. எஃகுக் கரண்டி, எஃகு உரல், குவார்ட்ஸை வெட்டிய கத்தி, எதுவும் போதும். ஒரு மைக்ரோகிராம் இரும்பு நிறைவுற்றால் அதன் திருப்புத்திறன் பத்தாயிரத்தில் இரண்டு இஎம்யு. ஒரு டெஸ்லாவில் உங்கள் 50 மில்லிகிராம் பொடியின் பாலி பாராகாந்தமும் (கடத்தும் எலக்ட்ரான்களின் மெல்லிய காந்தம்) அதே வரிசை அளவில்தான். கண்ணுக்கே தெரியாத துகள் உங்கள் முழு முடிவையும் விழுங்கிவிடும். பிளாஸ்டிக் கரண்டி, அகேட் உரல். வளையம் அப்படியும் நின்றால், இரும்பு ஏற்கெனவே நிறைவுற்றிருக்கும் உயர் புலங்களில், இரண்டு டெஸ்லாவிலும் நான்கு டெஸ்லாவிலும் அளந்து, இடைச் சரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2001-இல் உயர் அழுத்தத்தில் பலபடியாக்கிய சி60-இல் அறை வெப்பநிலைக்கும் மேலே ஃபெர்ரோகாந்தம் என்று ஒரு பெரிய இதழில் கட்டுரை வந்தது. மாறுவெப்பநிலை 500 கெல்வின் அருகே. உலகமே திரும்பிப் பார்த்தது. மாதிரிகளில் இரும்பு இருந்தது பின்னர் தெரிந்தது. இரும்புக் கார்பைடின் கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோகாந்தம் மறையும் வெப்பநிலை) கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் விழுகிறது. 2006-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதில் உழைத்தவர்களின் ஆண்டுகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உங்கள் ஆண்டுகள் அப்படிப் போகக் கூடாது.

அருள்_ஈபிஆர்

குளிர்கலன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எத்தனை எலக்ட்ரான் ஏறியிருக்கிறது என்பதைக் காந்தத்தைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். தனியாக ஒரு சாட்சி வேண்டும்.

எளிதானது ராமன், அதாவது லேசர் ஒளிச் சிதறலில் மூலக்கூறின் அதிர்வைப் பார்க்கும் முறை. அடைத்த குழாயின் சுவர் வழியாகவே எடுக்கலாம். தூய சி60-இல் 1469 அலையெண்ணில் ஓங்கி நிற்கும் கோடு, ஏறும் ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் சுமார் 6 கீழே இறங்கும். கே3சி60 1450 பக்கம், கே6சி60 1432 பக்கம். லேசர் சக்தியை மிகக் குறைவாக வையுங்கள். எலக்ட்ரான் ஏறாத சி60 ஒளி பட்டாலே பலபடியாகிக் கோடு நகர்ந்துவிடும், அதை எலக்ட்ரான் ஏறியதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கார்பன்-13 என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) இன்னும் நம்பகமானது. நடுநிலைச் சி60 143 பிபிஎம், கே3சி60 186 அருகே, கே6சி60 156 அருகே. வரிசையைப் பாருங்கள்: எலக்ட்ரான் கூடக் கூட ஒரே பக்கம் நகர்வதில்லை, மூன்றில் உச்சம் போய்த் திரும்பி வருகிறது. மூன்றில் கடத்தும் எலக்ட்ரான்களின் ஸ்பின் அணுக்கருவை உணர்த்துகிறது, ஆறில் அது இல்லை. மூன்றுக்குக் குறைவாகப் பொட்டாசியம் சேர்த்த பொடியில் இரண்டு தனிச் சிகரங்கள் எழுவதை 1991-லேயே காட்டினார்கள். கட்டங்கள் பிரிவது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

கரைசலில் வேலை செய்தால், ஒரு எலக்ட்ரான் ஏறிய அயனிக்கு 1075 நானோமீட்டர் அருகே அகச்சிவப்பு உறிஞ்சல் கையெழுத்துப் போல. ஈபிஆர் (இணைசேராத எலக்ட்ரானின் காந்த ஒத்ததிர்வு) மட்டும் வைத்து அடையாளம் சொல்வது இடர். ஒற்றை எதிரயனியின் உண்மையான சமிக்ஞை அகலமானது, ஜி மதிப்பு இரண்டை ஒட்டி, தனி எலக்ட்ரானின் 2.0023-க்குச் சற்றுக் கீழே. குளிர்வித்தால் குறுகும். அதன் நடுவில் குத்தென்று நிற்கும் ஒரு கூர்மையான கோடு வரும். அதை வைத்தே பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. ஆக்சிஜன் பட்ட சி60-இலிருந்து உண்டாகும் சி120ஓ என்ற இரட்டைப் பந்தின் அயனிதான் அதற்குக் காரணம் என்று 2000 வாக்கில் காட்டினார்கள். சி60 குப்பியை எவ்வளவு நாள் காற்றில் திறந்து வைத்திருந்தோம் என்பது ஈபிஆரில் வந்து நிற்கும். தாழ் வெப்பநிலையில் உங்கள் வளைவின் கியூரி வாலுக்கும் (குளிரக் குளிர ஏறும் காந்தம்) இதே வகை அசுத்தம் காரணமாகலாம்.

காந்தப் பண்பு என்றால் எல்லோரும் ஸ்பின்னைப் பற்றியே பேசுகிறோம். ஆர்பிட்டல் பக்கமும் ஒரு அழகு இருக்கிறது. பந்துக்குள் ஹீலியம்-3 அணுவை வைத்து அதன் என்எம்ஆரை எடுத்தால், கூட்டின் மேல் ஓடும் வளைய மின்னோட்டம் உள்ளே எவ்வளவு புலத்தை மறைக்கிறது என்று தெரியும். நடுநிலைச் சி60-க்குள் –6.3 பிபிஎம், அறுகோணங்களும் ஐங்கோணங்களும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிப்பதால் மறைப்பு சொற்பம். ஆறு எலக்ட்ரானை ஏற்றியதும் அது –48.7-க்குப் பாய்கிறது. சி70-இல் நேர் எதிர்: –28.8-இல் இருந்தது ஆறு எலக்ட்ரானோடு +8.2 ஆகிறது. பத்து கார்பன் கூடியதற்காக இவ்வளவு மாற்றம்! இரண்டு அயனியிலும் எல்லா எலக்ட்ரானும் இணைசேர்ந்தவை. ஸ்பின் கணக்கில் இரண்டும் ஒன்றே. 1998-இல் வெளியான இந்த எண்களை இப்போது பார்த்தாலும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

வான்நோக்கி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் எதிர்மின்னூட்டத்தையே பேசுகிறீர்கள். எலக்ட்ரானை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வானியலில் நேர்மின்னூட்டச் சி60 பற்றித்தான் நாங்கள் கேள்விப்படுகிறோம்.

அருள்_ஈபிஆர்

எடுப்பது கடினம். எலக்ட்ரானைச் சேர்த்தால் சி60 2.68 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை வெளிவிடுகிறது, ஒன்றைப் பிடுங்க 7.6 எலக்ட்ரான்வோல்ட் கொடுக்க வேண்டும். குடுவையில் நேரயனியை நிலைக்க வைக்க, எதனோடும் வினைபுரியாத கார்போரேன் எதிரயனிகள் தேவைப்பட்டன. விண்மீன் இடைவெளியில் தாக்க யாரும் இல்லாததால் அது நிம்மதியாக வாழ்கிறது. 9577, 9632 ஆங்ஸ்ட்ராம் உறிஞ்சல் பட்டைகள் சி60 நேரயனியுடையவை என்று 1994-இல் முன்வைத்தார்கள். 2015-இல் பாசல் பல்கலைக்கழகக் குழு ஹீலியம் ஒட்டிய அயனியைக் கடுங்குளிரில் வைத்து அளந்து உறுதி செய்தது.

திண்மத்தில் நேர் துளைகளை (எலக்ட்ரான் விலகிய இடங்களை) ஏற்றி 52 கெல்வின், பிறகு 117 கெல்வின் மீக்கடத்தல் என்று 2000, 2001-இல் வந்த கட்டுரைகளைத் தேடினால் கிடைக்கும். யான் ஹென்ட்ரிக் ஷோனின் தரவு மோசடி விசாரணைக்குப் பின் திரும்பப் பெறப்பட்டவை அவை. புதிதாக வருபவர்கள் அந்த எண்களை மேற்கோள் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப்பொருள்

உண்மையான ஃபுல்லரைடு ஃபெர்ரோகாந்தம் ஒன்று இருக்கிறதே, டிடிஏஇ-சி60? அதை யாரும் சொல்லவில்லை.

குளிர்கலன்

சரியான நேரத்தில் நினைவூட்டினீர்கள். டிடிஏஇ என்பது நான்கு டைமெத்தில்அமினோ தொகுதிகள் கொண்ட எத்திலீன், எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும். சி60-உடன் சேர்த்தால் ஆளுக்கொரு எலக்ட்ரான் மாறி, 16 கெல்வின் அருகே ஃபெர்ரோகாந்தம் ஆகிறது. 1991-இல் வெளியானது. உலோக அணு ஒன்றுகூட இல்லாத பொருளுக்கு அது அப்போது மிக உயர்ந்த எண்.

தேன்மொழிக்குப் பாடமாகக்கூடிய பகுதி இதுதான். கரைசலில் இருந்து அப்போதுதான் வந்த படிகம் ஃபெர்ரோகாந்தம் காட்டாது. அறை வெப்பநிலைக்குச் சற்று மேலே சில மணி நேரம் பதப்படுத்தினால் காட்டும். அணுக்கள் அதே, மின்னூட்டம் அதே. மாறுவது, அண்டைப் பந்துகள் ஒன்றுக்கொன்று எந்த முகத்தைக் காட்டி நிற்கின்றன என்பது. ஒன்றின் இரட்டைப் பிணைப்பு மற்றதன் அறுகோணத்தை நோக்கும் நிலையில் ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்கச் சம்மதிக்கின்றன. பந்து சுழன்று நிலைமாறுவதற்கு நேரமும் வெப்பமும் தேவை. ஆகவே குளிர்விக்கும் வேகம்கூடக் காந்தத்தை மாற்றும்.

கூட்டுப்பொருள்

ஒரு எலக்ட்ரான் ஏறிய கார உலோகச் சேர்மங்களும் அப்படித்தானா?

குளிர்கலன்

அவை வேறு பாதை. ஆர்பி1சி60-ஐ மெதுவாகக் குளிர்வித்தால் அண்டைப் பந்துகள் உண்மையிலேயே கார்பன்–கார்பன் பிணைப்பு போட்டுச் சங்கிலியாகிவிடும். பந்து மையங்களுக்கு இடையே 10 ஆங்ஸ்ட்ராம் இருந்தது சங்கிலியின் திசையில் 9.1 ஆகச் சுருங்குகிறது. கடத்துகிறது, 50 கெல்வின் பக்கம் கடத்தலை இழந்து காந்த ஒழுங்கு தலைகாட்டுகிறது. கே1சி60 அதே சங்கிலி அமைப்பு, ஆனால் தாழ் வெப்பநிலையிலும் உலோகமாகவே தொடர்கிறது. சங்கிலிகளின் ஒப்புத் திருப்பம் இரண்டிலும் வேறு.

திடநிலை_சுவடு

பட்டைக்கோட்பாடு அவர்களோடு ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். மாட் எல்லை, தலைகீழ் ஹுண்ட் என்று பேசும்போது இது அதிர்வுகள் எலக்ட்ரான்களை இணைசேர்க்கும் சாதாரண வகை மீக்கடத்தியே அல்ல என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடுகிறது. கார்பன்-12-ஐ முழுக்கக் கார்பன்-13 ஆக மாற்றிய கே3சி60-இல் ஐசோடோப்பு அடுக்கு (அணு நிறை கூடும்போது மாறுவெப்பநிலை எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு) 0.30 என்று அளந்திருக்கிறார்கள். கார்பன் கூட்டின் அதிர்வுகள் இணைசேர்ப்பில் பங்கு கொள்கின்றன என்பதை அதற்குப் பிறகும் எப்படி ஒதுக்குவது?

பட்டைக்கோட்பாடு

ஒதுக்கவில்லை. யான்–டெல்லர் விளைவே எலக்ட்ரானும் கூட்டின் அதிர்வும் பிணைவதுதான். நான் சொல்வது, அதிர்வு மட்டும் போதாது என்பது. வழக்கமான கோட்பாட்டின்படி அணிக்கோவை விரிய விரிய மாறுவெப்பநிலை ஏறிக்கொண்டே போக வேண்டும். 2015-இல் ரூபிடியத்தையும் சீசியத்தையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, அழுத்தக் கருவி இல்லாமலேயே பந்துகளின் இடைவெளியைப் படிப்படியாக மாற்றினார்கள். மாறுவெப்பநிலை ஏறி, ஓர் உச்சம் தொட்டு, மாட் எல்லையை நெருங்கும்போது இறங்குகிறது. உச்சத்தை ஒட்டிய இடத்தில் சாதாரண நிலையே விசித்திரமாக இருக்கிறது: கடத்துகிறது, ஆனால் அகச்சிவப்பில் பந்துகள் இன்னும் உருக்குலைந்தே தெரிகின்றன. எலக்ட்ரான் பந்தை விட்டுப் போகும் முன் பந்து அதற்காக வளைந்துகொள்ளும் அளவுக்கு அங்கே தங்குகிறது. கூலும் விலக்கம் எலக்ட்ரானைப் பந்தில் தாமதிக்க வைக்கிறது, தாமதித்த எலக்ட்ரானை அதிர்வு இணைசேர்க்கிறது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

திடநிலை_சுவடு

இப்படிச் சொன்னால் ஏற்கிறேன். 2016-இல் கே3சி60 மேல் நடு அகச்சிவப்புத் துடிப்பை விழவைத்து, 100 கெல்வின் அளவிலும் மீக்கடத்தி போன்ற ஒளிக்கடத்தலைக் கண்டதும் இந்தத் திசையில் யோசிக்க வைக்கிறது. ஆனால் அது ஒளி எதிரொளிப்பில் இருந்து கணக்கிட்டுப் பெற்றது, பொருள் கொள்வதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. அதைத் தனி இழையாகப் பேசலாம்.

தேன்மொழி_வேதி

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கே6சி60 வழியாகப் புதிய பொடி செய்தேன். அகேட் உரல், பிளாஸ்டிக் கரண்டி. ஹீலியம் நிரப்பி அடைத்ததும் 45 கெல்வின் மேடு போய்விட்டது. அறை வெப்பநிலை வளையமும் இல்லை. கவசம் முன்பைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. தாழ் புலத்தில், புலமின்றிக் குளிர்வித்து எடுத்த வளைவில் மாற்றம் கூர்மையாகத் தெரிகிறது.

ராமனில் 1449-இல் நல்ல கோடு. அதன் தோளில் 1432 அருகே சிறியதாக இன்னொன்று. மிச்சக் கே6சி60 என்று எடுத்துக்கொள்கிறேன். 1469-இல் எதுவும் தெரியவில்லை. ஆறு மிச்சம் இருந்தால் பூச்சியமும் மிச்சம் இருக்க வேண்டாமா?

அருள்_ஈபிஆர்

நல்ல கேள்வி. ராமன் மேற்பரப்பை ஒட்டிய பகுதியைத்தான் பார்க்கிறது, அதிலும் ஒரு சிறு புள்ளியை. குழாயைத் திருப்பிப் பல இடங்களில் எடுங்கள். எங்கும் 1469 இல்லை என்றால், கலக்கும்போது சி60 எடை ஒரு துளி குறைந்திருக்கலாம். சி60-இல் கரைப்பான் ஒட்டியிருந்தாலும் இதே விளைவு வரும், எடையில் ஒரு பங்கு டொலுயீனாகிவிடுமே. கலப்பதற்கு முன் அதை வெற்றிடத்தில் நன்றாகச் சூடாக்கி உலர்த்தினீர்களா?

தேன்மொழி_வேதி

உலர்த்தினேன், ஆனால் 100 டிகிரி செல்சியஸில்தான்.

குளிர்கலன்

போதாது. படிக இடுக்கில் இருக்கும் கரைப்பான் அவ்வளவில் வெளியேறாது. 200-க்கு மேலே, நல்ல வெற்றிடத்தில், ஓரிரவு. இந்தப் பொடியைக் கொட்டிவிட வேண்டாம். சிறிது உலர்ந்த சி60 சேர்த்து அரைத்து, வில்லையாக அழுத்தி, 350 அளவில் மறுபடி பதப்படுத்துங்கள். வில்லையில் மணிகள் வளரவும் வாய்ப்பு அதிகம். கட்டுரையில் கவசப் பங்கை எழுதும்போது எந்தப் புலம், எந்த அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டீர்கள், வடிவத்துக்கான திருத்தம் செய்தீர்களா, மூன்றையும் குறிப்பிடுங்கள். புலத்தில் குளிர்வித்த வளைவையும் அதே படத்தில் போடுங்கள்.